வயது வரிசை

பதிவேட்டின்படி இந்தத் தீவில் நாற்பத்தொரு பேர்.
தோர்ஷவ்னிலிருந்து வரும் படிவத்தில்
எங்களுக்கும் பன்னிரண்டு கட்டங்கள்,
பெரிய ஊர்களுக்கு இருப்பது போலவே.
கட்டத்துக்கு மூன்றரை ஆள் தேறும்.
அரை ஆளை எங்கே உட்காரவைப்பது?

எண்பதுக்கு மேல் நான்கு பேர்.
வயதுக்குரிய ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஐந்து.
நூற்று இருபத்தைந்து விழுக்காடு என்று எழுதி அனுப்பினேன்.
தொலைபேசியில் சிரித்தான் அலுவலகத்துப் பையன்.
ஐந்தாமவள் மர்யுன்.
அக்டோபரில் கையை நீட்டியவள்
நவம்பரில் கல்லறைக்குப் போய்விட்டாள்.
மக்கள் பதிவேடு அன்றைக்கே அவளை அடித்துவிட்டது.
என் நோட்டில் இன்னும்
கம்பளிச் சட்டையின் கையைச் சுருட்டியபடி உட்கார்ந்திருக்கிறாள்.
பகுதியிலிருந்து போனவளைத்
தொகுதியிலிருந்தும் எடுக்கவேண்டுமாம்.
கணக்கு சரிதான்.
எனக்குத்தான் கை வரவில்லை.

ஐந்திலிருந்து பதினொன்று: மூன்று பேர்.
மூவருமே அழவில்லை.
தம்பி பார்த்துக்கொண்டிராவிட்டால்
பெரியவன் அழுதிருப்பான்.

பதினெட்டிலிருந்து இருபத்தொன்பது:
பதிவில் ஏழு, ஊரில் பூஜ்யம்.
அவர்களின் கட்டில்கள் இங்கே, உடம்புகள் ஆர்ஹூஸில்.

முப்பதிலிருந்து நாற்பத்துநான்கு: ஆறில் ஒன்று.
இந்த வரிசைக்குத்தான் சிவப்பு மை.
காரணம் என்ன, தேர்ந்தெடு என்கிறது படிவம்:
தயக்கமா, வதந்தியா, அவநம்பிக்கையா?
ஐந்து பேரும் பாரென்ட்ஸ் கடலில்
காட் மீனுக்கு வலை இழுக்கிறார்கள் என்பதற்குக் கட்டமில்லை.
அவர்கள் கரைக்கு வரும்போது மருந்து முடிந்திருக்கும்.
மருந்து வரும்போது கப்பல் கிளம்பியிருக்கும்.
மிச்சமிருக்கும் அந்த ஒன்று நான்தான்.
கண்ணாடி முன் நின்று
எனக்கு நானே போட்டுக்கொண்டேன், இடது தோளில்.
நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னவர் ட்ரோண்டுர் ஒருவர்தான்.
ஆட்டுக்குப் போடுவார். நாய்க்கும் போடுவார்.
தனக்கென்றால் கதவைச் சாத்திக்கொள்வார்.
அறுபத்துநான்கு வயதுவரை ஒரு வரிசையைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.
போன செவ்வாய்க்கிழமை அவர் பிறந்தநாள்.
கேக்கை வெட்டியதும் அந்த வரிசை நூறாயிற்று,
அடுத்தது எண்பதுக்கு இறங்கிற்று.
யாருடைய தோலையும் எந்த ஊசியும் தொடவில்லை.
ஒரு மெழுகுவர்த்தி அணைந்தது, அவ்வளவுதான்.
நூறான வரிசைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.
இறங்கியதற்கு விளக்கம் கேட்டு
அதே உறையில் இன்னொன்று.

முதல் வரிசையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.
ஒரு வயதுக்குள்: ஒருவர்.
பெயர் பியர்ட்டா, பன்னிரண்டு வாரம்.
இந்தக் கட்டத்தில் பூஜ்யம் அல்லது நூறு,
நடுவில் நிற்க இடம் கிடையாது.

பதினோரு நாளாக மூடுபனி.
ஹெலிகாப்டரின் சத்தம் மட்டும் மேலே வந்து
சுற்றிவிட்டுத் திரும்பிப் போகிறது,
ஐஸ் பெட்டியோடு.
படகுத்துறையை அலை விழுங்கிக்கொண்டிருக்கிறது.
பக்கத்துத் தீவில் கக்குவான் இருமல் என்று
நேற்று வானொலியில் சொன்னார்கள்.
சுன்லைஃப் குழந்தையோடு உள்ளேயே இருக்கிறாள்.
யாரும் யாருக்கும் சொல்லவில்லை,
ஆனால் ஊரில் இருக்கிற எல்லோரும்
அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு
சேற்றுப் பாதையில் போகிறோம்.
தொண்டையைச் செருமுவதென்றால்கூட
கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறோம்.

இன்று காலை ட்ரோண்டுர்
அவள் வேலிக்கு இருபது அடி தள்ளி நின்றிருந்தார்.
ஆட்டிறைச்சிப் பொட்டலத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டு
என்னைப் பார்த்துக் கேட்டார்:
"இறங்கிற்றா?"
இல்லை என்றேன்.
வானத்தை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டினார்.
வேறெதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இரவு படிவத்தை நிரப்புகிறேன்.
மற்ற வரிசைகளை மையால் எழுதியாயிற்று.
முதல் கட்டத்துக்கு மட்டும்
பென்சிலைச் சீவுகிறேன்.
சைபர்.
மெல்ல, காகிதத்தில் தடம் பதியாமல்.
அழிப்பானை விளக்கின் அடியில்
கண்ணில் படும்படி வைக்கிறேன்.